ஒரு கோடிப் பேர் அப்புறம் வரட்டும், பேராண்டி

ஏல பேராண்டி, இங்கன வா. ஒரு கோடிப் பேர் ஒரே நேரத்துல வந்தாலும் படுக்காத வெப்சைட்டு கட்டப்போறதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே? சந்தோசம். உங்கப்பன் கேட்டது என்ன? வாழைத்தார் மண்டியில இன்னைக்கு எந்தத் தார் என்ன வெலைன்னு போன்ல தெரியணும். அதைப் பாக்க ஒரு கோடிப் பேர் எங்கருந்துல வாரான்? நம்ம ஊரு ஆடு மாட்டையும் சேத்து எண்ணுனாலும் தேறாதே.

பொங்கல்ல இருந்து நீ எந்த ஃபிரேம்வொர்க் ஒசத்தின்னு வீடியோ பாக்கே. வீடியோ பாக்க கூலி உண்டுன்னா இந்நேரம் மண்டியையே வெலைக்கு வாங்கியிருப்பே. ஒரு வரி எழுதுனியால? கேட்டா, "ஆர்கிடெக்சர் இன்னும் முடிவாகலை தாத்தா"ங்கே. அது என்ன, கலியாணச் சம்பந்தமா, முடிவாகுறதுக்கு?

எனக்கு என்ன தெரியும், பல்லு போன கெழவன். உங்கக்கா லீவுக்கு வந்து திண்ணையில உக்காந்து தட்டுறப்போ காதுல விழுந்ததைச் சொல்லுதேன். பைத்தான்ல பிளாஸ்க்குன்னு ஒரு ஃபிரேம்வொர்க் உண்டுமாம். அது பொறந்த கதையே கூத்துதான். ஆஸ்திரியாக்காரர் ஒருத்தர், அர்மின் ரோனாக்கர்னு பேரு. "எங்களுது ஒரே ஃபைல், வேற எவன் தயவும் வேண்டாம்"னு சின்னச் சின்ன ஃபிரேம்வொர்க்காரங்க பீத்திக்கிட்டு இருந்த காலம். அவங்களைக் கிண்டலடிக்க 2010 ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஒரு வேலை பாத்தாரு. வெர்க்ஸாய்க், ஜிஞ்சான்னு ஏற்கெனவே இருந்த ரெண்டு லைப்ரரியை ஜிப்பாச் சுருட்டி ஒரே ஃபைலுக்குள்ள திணிச்சு, 'டினைட்'னு பேர் வச்சு, அதுக்கு ஒரு வீடியோவும் போட்டு விட்டாரு. சிரிப்பாங்கன்னு பாத்தா, நெறையப் பேரு நெசம்னே நம்பிட்டாங்க! இவ்வளவு ஆசையா இருக்கானுவளேன்னு, கேலியைக் கழட்டி எறிஞ்சுட்டு அதே மாசம் பிளாஸ்க்கை ஒழுங்காச் செஞ்சு வெளிய விட்டாரு. பாத்தியால, கேலிக்குன்னு ஆரம்பிச்சது உலகம் பூரா ஓடுது. நீ சீரியஸா ஆரம்பிச்சது இன்னும் பொறக்கவே இல்ல.

ஜாங்கோவைப் படிக்கப்போறேன்னு ஒருநாள் குதிச்சியே, அது வேற சாதி. அமெரிக்காவுல கான்சாஸ் பக்கம் லாரன்ஸ்ங்கற ஊர்ல, ஒரு பத்திரிகை ஆபீஸ்ல வளந்து 2005-ல வெளிய வந்தது. அது கலியாண மண்டபம். டேட்டாபேஸ், லாகின், அட்மின் பக்கம்னு பந்தி வெளம்புற ஆளு மொதக்கொண்டு அவனே வச்சிருப்பான். பெரிய விசேசத்துக்கு அதுதான் சரி. ஒரு தம்ளர் காப்பி ஆத்த மண்டபம் பிடிப்பாங்களால? பிளாஸ்க் அடுப்பும் சட்டியும் மட்டும்தான் தரும். மிச்சத்துக்கு நீயே பொறுப்பு. அங்கதான் உன்னை நெனச்சு எனக்கு வயித்தைக் கலக்குது.

சரி, கையை நனை. ஒரு ஃபோல்டர் போடு. அதுக்குள்ள வென்வ்னு தனி அறை ஒண்ணு போட்டுக்கோ, இல்லேன்னா உன் பழைய பிராஜெக்டு லைப்ரரிக எல்லாம் இதோட வந்து மல்லுக்கட்டும். பிப்ல பிளாஸ்க்கை எறக்கு. லேசானதுன்னு சொன்னாங்களே, கூடவே அரை டஜன் வந்து எறங்குதேன்னு முழிக்காதே. சொந்தபந்தம் இல்லாதவன் எவன்?

ஃபைலுக்கு ஆப் டாட் பைன்னு பேர் வை. பெருமைக்குப் 'பிளாஸ்க் டாட் பை'ன்னு வச்சிராதே. வச்சேன்னா, பைத்தான் உன் ஃபைலையே பிளாஸ்க்குன்னு நெனச்சு அதுக்குள்ளயே போய்த் தேடும். நீ விடிய விடிய கம்ப்யூட்டரைத் திட்டிக்கிட்டு இருப்பே. உள்ள எழுத வேண்டியது அஞ்சாறு வரி. பிளாஸ்க்கை இம்போர்ட் பண்ணு, ஒரு ஆப் உண்டாக்கு, 'விலை'ன்னு ஒரு ரூட், அதுக்குக் கீழ ஒரு ஃபங்ஷன், அது திருப்பித் தர்றது ரஸ்தாளி வெலை. 'பிளாஸ்க் ரன்'னு அடிச்சுட்டு, பிரவுசர்ல 5000-ங்கற போர்ட்டுல போய் விலைன்னு தட்டு. உங்கப்பன் கேட்டது அங்கன நிக்கும். மேக்புக் வாங்கித் தந்தாத்தான் வேலை செய்வேன்னு அடம்பிடிச்சியே, அதுல ஏர்பிளே அந்த 5000-ல முந்தியே துண்டு போட்டு உக்காந்திருக்கும். 5001-க்கு மாத்திக்கோ, அழாதே.

மறுநாளே உனக்குப் பவுசு வந்துரும். விலைக்குப் பின்னால செவ்வாழைன்னு அடிச்சா செவ்வாழை வெலை, மட்டின்னா மட்டி வெலை. நல்ல யோசனைதான். ஆனா எவனோ அடிச்சதை வாங்கி அப்படியே பக்கத்துல ஒட்டி அனுப்பிராதே. ரகத்துப் பேருக்குப் பதிலா ஜாவாஸ்கிரிப்டை எழுதி லிங்க் அனுப்புற போக்கிரி உண்டு. தட்டுனவன் பிரவுசர்ல அது ஓடும். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர்ல ஹெச்டிஎம்எல் ஃபைலா வச்சு ஜிஞ்சா வழியா அனுப்பு. அந்த மாதிரி குறியீட்டை எல்லாம் அதுவே செல்லாக் காசாக்கிரும்.

அப்புறம் டீபக்னு ஒரு வசதி. வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டா சொகம்தான்: ஃபைலைச் சேவ் பண்ணுனா தானே திரும்ப ஓடும், தப்பு எங்கன்னு பிரவுசர்லயே விரிச்சுக் காட்டும், அங்கனயே பைத்தானும் எழுதி ஓட்டலாம். நீ ஓட்டலாம்னா வழியில போறவனும் ஓட்டலாம்ல? பின் நம்பர் கேக்கும்தான். பூட்டு இருக்குன்னு நகையைத் தெருத்திண்ணையில வைப்பியா? கலைஞர்களுக்கு ரசிகர்க பணம் அனுப்ப வழி பண்ணுதே, பேட்ரியான்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி, 2015-ல அவங்க சைட்டோட டீபக் பதிப்பு ஒண்ணு வெளியாளுக்குத் தெரியற மாதிரிக் கெடந்துச்சு. பிளாஸ்க்கோட டீபக் வசதி வர்றது அந்த வெர்க்ஸாய்க்ல இருந்துதான், அங்கயும் அதேதான். அந்த வழியாப் புகுந்து தகவலை வாரிக்கிட்டுப் போயிட்டானுவ. அவங்களுக்கே அந்தக் கதி. நீ பாஸ்வேர்டையே உன் பேரா வச்சிருக்கவன்.

ஊருக்குத் தெறக்கும்போது 'பிளாஸ்க் ரன்'னோட விட்டுறாதே. இது பழகுறதுக்கான சர்வர்னு அதுவே செவப்பு எழுத்துல கத்தும். குனிகார்ன் மாதிரி ஒரு சர்வரைப் போடணும். அங்க ஒரு வேடிக்கை உண்டு, கேளு. நீ சோம்பேறி, வெலையை எல்லாம் ஒரு லிஸ்ட்டுல போட்டு வச்சிருப்பே. வீட்டுல அருமையா ஓடும். குனிகார்ன்ல நாலு வொர்க்கர் வச்சேன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஞாபகம். உங்கப்பன் காலையில வெலையை மாத்துவான். ஒரு வொர்க்கருக்குத்தான் தெரியும், மத்த மூணும் நேத்து வெலையையே சொல்லிக்கிட்டு இருக்கும். ஒரே தாருக்கு ஏரல்காரனுக்கு ஒரு வெலை, கோயில்பட்டிக்காரனுக்கு ஒரு வெலை! அதனால பைத்தானோட வர்ற எஸ்கியூலைட்ல எழுதி வையி. எல்லாரும் ஒரே எடத்துல பாப்பாங்க.

ஆனா இந்த நாலு வொர்க்கர் சங்கதியை உங்கப்பன் காதுல மட்டும் போட்டுறாதே. எட்டா வையிம்பான்.