ஒழுகிய தண்ணீரும் ஓடிப்போன வெளிச்சமும்

எண்பதுகளின் கடைசி. இலங்கையில், பெலிஹுல் ஓயா ஆற்றுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்துப் பள்ளத்துப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வரும். “டேம் கட்டுறாங்க” என்பார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு காம்பராவுக்கும் கரண்ட் கிடையாது. குப்பிலாம்புப் புகையில் பாடம் படித்த எங்களுக்கு டேம் என்றால் வெளிச்சம்தான்.

“பெரியப்பா, நமக்கும் கரண்டு வருமா?”

“ஆத்துல போறது நம்ம மலைத் தண்ணிதானேடா. வராம எங்க போகும்?”

பெரியப்பா கான் (வடிகால்) வெட்டுகிறவர். தேயிலைச் சரிவில் குறுக்காக வெட்டும் கான்தான் மழை மண்ணைப் பிடித்து நிறுத்தும். கான் தூர்ந்தால் மேல் மண் வழிந்து ஓயாவில் இறங்கும், ஓயா வளவை கங்கையில் சேரும். பெரியப்பா நம்பியதில் நியாயம் இருந்தது.

பெலிஹுல் ஓயா வளவையோடு கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் சமனலவெவ அணை எழுந்தது. உயரம் 110 மீட்டர், நீளம் 530 மீட்டர், நடுவே களிமண் வைத்து இருபுறமும் பாறை குவித்துக் கட்டியது. பணம் ஜப்பானிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் வந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோய், 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம்.

1992 அக்டோபரில் வலது கரை மலை பிய்த்துக்கொண்டது. அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல், உள்ளே பொந்தும் பிளவும். அணைச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்து மலைக்குள் புகுந்த தண்ணீர்தான் கீழே வெடித்து வெளியே வந்தது. டேம் உடையப்போகிறது என்று பலாங்கொடை வரை பேச்சு. மலைக்குள் சீமெந்துக் கலவை செலுத்திப் பார்த்தும் அடங்காத கசிவு அது. தொண்ணூறுகளின் இறுதியில் படகுகளில் களிமண்ணைக் கொண்டுபோய் நீருக்குள் கொட்டினார்கள். குறைந்தது, நிற்கவில்லை. நொடிக்கு 2 கன மீட்டருக்கு மேல் வெளியேறிக்கொண்டே இருந்தது.

அந்தத் தண்ணீர் வீணாகவில்லை என்பதை எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அணைக்குக் கீழே கல்தொட்ட வயல்கள் பழங்காலம் தொட்டு வளவையை நம்பி விளைந்தவை. ஆற்றைச் சுரங்கத்துக்குத் திருப்பியபின் அந்த விவசாயிகளுக்கென்று தனியாகத் தண்ணீர் திறந்துவிட வேண்டியிருந்தது. கசிவோ கேட்காமலே, மாதம் தவறாமல் அந்த வயல்களுக்குப் பாய்ந்தது. பொறியியலாளர்கள் இழப்பென்று எழுதிய தண்ணீரில் நெல் விளைந்தது. இதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி.

இழக்காமல் காத்த தண்ணீர் சுழலியைச் சுற்றியது. அந்த வெளிச்சம் எங்கே போனது? தூரத்தில் இரும்புக் கோபுரங்கள் வரிசையாக நின்றன, கம்பிகள் நகரங்களை நோக்கிப் போயின, எங்கள் லயத்தில் அம்மா தொடர்ந்து மண்ணெண்ணெய் அளந்து ஊற்றினாள். குடியிருக்கும் காம்பரா எங்கள் பேரில் இல்லை. கம்பி இழுக்க யார் பணம் கட்டுவது என்ற கேள்வியிலேயே வருடங்கள் கழிந்தன. கரண்ட் வந்தபோது நான் படிப்பை முடித்திருந்தேன், பெரியப்பா இல்லை.

நீருக்குள் மூழ்கிப் போனதும் ஒன்று உண்டு. நீர் நிறைவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கை ஆராய்ந்த தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மலைச்சரிவுகளில் மேற்குப் பார்த்த பழைய இரும்பு உலைகளை ஏராளமாகக் கண்டார். தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இரும்பு உருக்கியிருக்கிறார்கள். 1996இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. காற்றைக் கொண்டு வேலை வாங்கிய இடங்களில் சிலவற்றை, தண்ணீரைக் கொண்டு வேலை வாங்க வந்த நாம் மூழ்கடித்தோம். இரும்பு உருக்கிய அந்தக் கைகளின் பெயர்களும் எங்கள் ஆட்களின் பெயர்களைப் போலவே எங்கும் எழுதப்படவில்லை.

அணை இயங்கத் தொடங்கிய அதே 1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பெனிகளின் கைக்கு மாறியது. இன்று லயத்தில் டிவி ஓடுகிறது, பிள்ளைகள் போனுக்குச் சார்ஜ் போடுகிறார்கள். ஆனால் எங்கள் மலையில் கான் வெட்ட ஆளில்லை. கொழுந்து பறிப்பதற்கு மட்டும்தான் பேர் (நாள் வேலை) போடுகிறார்கள். அடைமழை பெய்தால் ஓயா செம்மண் நிறத்தில் இறங்குகிறது, அந்த மண் நீர்த்தேக்கத்தின் அடியில் போய்ப் படிகிறது. கசிவை அடைக்கக் களிமண்ணைப் படகேற்றினார்கள். வரும் மண்ணைத் தடுக்க ஒரு மண்வெட்டிக்காரருக்கு நாட்சம்பளம் கொடுப்பது அதைவிட எவ்வளவோ மலிவு. மின்சாரத்துக்கு வாங்கும் காசில் ஒரு பங்கை மேல்மலைக் கான் வேலைக்கு ஒதுக்க வேண்டும், அந்த வேலைக்குத் தோட்டத்து ஆட்களையே பேர் பதிந்து எடுக்க வேண்டும்.