மண்டியிடும் முன் ஒன்பது கிரகங்களையும் கவனிக்கவும்

வைரம் வேண்டாம், வண்ணக்கல் மோதிரம்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது. வெளியில் சொல்ல வேண்டிய காரணம்: "எல்லாரும் போடுற வைரம் அவளுக்கு எதுக்கு? அவ தனி ரகம்." உள்ளே இருக்கும் காரணம் உங்கள் வங்கிக் கணக்குக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம். யாராவது வம்புக்கு இழுத்தால், நிச்சயத்துக்கு வைரம் என்பது ஆதிகாலத்து வழக்கமில்லை என்று சொல்லுங்கள். டி பியர்ஸ் என்ற வைரக் கம்பெனிக்காக 1947இல் விளம்பர எழுத்தாளர் ஒருவர் எழுதிய ஒற்றை வரிக்கு அந்த வழக்கத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு உண்டு. பிரான்சிஸ் ஜெரட்டி என்ற அந்த அம்மையார் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதைச் சொன்ன பிறகு எதிராளி கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

மேல்நாட்டில் இந்த வேலை சுலபம். அங்கே கல் என்றால் கல். பிடித்த நிறத்தையும் கையிலுள்ள காசையும் பார்த்து வாங்கிக்கொண்டு போய் மண்டியிட்டுவிடலாம். நம் ஊரில் ஒவ்வொரு நிறத்தின் பெயரிலும் ஏற்கெனவே பட்டா போட்டாகிவிட்டது. மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, பவழம் செவ்வாய்க்கு, மரகதம் புதனுக்கு, புஷ்பராகம் குருவுக்கு, வைரம் சுக்கிரனுக்கு, நீலம் சனிக்கு, கோமேதகம் ராகுவுக்கு, வைடூரியம் கேதுவுக்கு. நீங்கள் ஒரு நிறத்தை வாங்குவதாக நினைத்துக் கடைக்குப் போகிறீர்கள். திரும்பி வரும்போது கூடவே ஒரு கிரகமும் பைக்கில் உட்கார்ந்து வருகிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் காதலியின் ராசியைத் தெரிந்துகொள்வது. நேராகக் கேட்காதீர்கள். ஒரு பெண்ணிடம் நட்சத்திரம் கேட்பதே நம் ஊரில் பாதி பெண் கேட்டதற்குச் சமம். ரகசியம் அங்கேயே முடிந்தது. அதற்குச் சரியான இடம் கோயில். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்கோ, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கோ அவரை அழைத்துப்போய், அவர் பெயரில் ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்குங்கள். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம், ராசி எல்லாவற்றையும் கேட்பார். அவர் சொல்வார். நீங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டபடி காதை மட்டும் திறந்து வைத்திருந்தால் போதும்.

அவர் சிம்மம் என்றால் மாணிக்கம், மிதுனமோ கன்னியோ என்றால் மரகதம், தனுசு மீனம் என்றால் புஷ்பராகம். இதுவரை சிக்கல் இல்லை. மகரமோ கும்பமோ என்றால், அல்லது ராசியைப் பற்றிக் கவலைப்படாமல் நீலத்தின் அழகில் நீங்கள் மயங்கிவிட்டீர்கள் என்றால், உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நீலக்கல்லை எடுத்த எடுப்பில் யாரும் விரலில் போடமாட்டார்கள். சில நாள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கி, கெட்ட கனவு வருகிறதா, வீட்டில் ஏதாவது விபரீதம் நடக்கிறதா என்று பார்த்த பிறகே போடவேண்டும் என்பது சம்பிரதாயம். யாருடைய தலையணை என்ற கேள்வி இங்கே எழுகிறது. அவருடைய தலையணைக்கு அடியில் வைத்தால் ரகசியம் போச்சு. உங்களுடைய தலையணைக்கு அடியில் வைத்தால், அந்த நாட்களில் வருகிற கெட்ட கனவெல்லாம் மாதத் தவணையைப் பற்றியதாகவே இருக்கும்; அதற்குச் சனியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. போதாததற்கு, நீலத்தை நடுவிரலில் போடவேண்டும் என்பார்கள். கடற்கரையில் மண்டியிட்டு ஒரு பெண்ணின் நடுவிரலைத் தேடிப் பிடிக்கிற காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

விஷயம் வெளியே வந்ததும் ஒரு பெரியப்பா டயானாவை எடுப்பார். 1981இல் இளவரசர் சார்லஸ் டயானாவுக்குப் போட்ட மோதிரத்தில் இருந்தது 12 காரட் சிலோன் நீலம், 1996இல் விவாகரத்து, "பாத்தியா?" என்பார். பதில் தயாராக இருக்கட்டும். அதே மோதிரத்தைத்தான் 2010இல் மகன் வில்லியம் கேட்டுக்குப் போட்டார், அந்தக் குடும்பம் மூன்று குழந்தைகளோடு இருக்கிறது என்று சொல்லுங்கள். பெரியப்பா அசரமாட்டார். "ரெண்டாவது தடவைன்னா சனி அவ்வளவா பண்ணாது" என்று புதிதாக ஒரு விதி பிறக்கும்.

இந்த இடத்தில் வேதியியல் ஒரு வேடிக்கை செய்கிறது. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். இரண்டுமே குருந்தம் என்கிற அலுமினியம் ஆக்சைடு. அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். புராணத்தைக் கேளுங்கள்: சனி சூரியனின் மகன். ஒரே ரத்தம், ஆனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு கற்களையும் ஒரே மோதிரத்தில் பதிக்கக் கூடாது என்று ஜோதிடர் சொன்னால், ஆய்வுக்கூடத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். குடும்பச் சண்டையில் மூன்றாம் மனிதர் தலையிடக் கூடாது.

ஒன்பதிலும் சேராத கல்லாக வாங்கிவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இதுவே பிடித்த வழி. ஆனால் உபரத்தினம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஊதா நிற அமெதிஸ்ட் வாங்கினால் அதைச் சனியின் கணக்கில் எழுதிவிடுவார்கள். கிட்டத்தட்ட எல்லாக் கல்லுக்கும் அங்கே ஓர் எஜமானர் கிடைத்துவிடுவார். துணிந்தவர்கள் அக்வாமரின் பக்கம் போகலாம். கடலின் ஆழமில்லாத ஓரத்து நிறம், மரகதத்தின் இனம், விலையோ மரகதத்தைவிட மிகக் குறைவு. அந்த இனமான பெரில் நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூரில் பழங்காலத்திலேயே வெட்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது கல்மணி செய்யும் பட்டறைகள் கிடைத்தன. ரோமாபுரிப் பெண்கள் ஆசைப்பட்டு வாங்கிய கல் என்று நீங்கள் அடித்துவிடலாம். அது பொய்யும் இல்லை.

அடுத்தது கல்லின் உறுதி. காதல் உறுதியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் வீட்டில் தேங்காய் துருவியதே இல்லை. கற்களின் கடினத்தை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை வைத்திருக்கிறார்கள். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, புஷ்பராகம் என்ற பெயரில் விற்கும் டோபாஸ் 8, மரகதமும் அக்வாமரினும் ஏழரையிலிருந்து எட்டுக்குள். (ஏழரை என்ற சொல்லை அவர் அம்மா முன்னால் உச்சரிக்க வேண்டாம்.) பார்க்க வேண்டிய எண் 7. தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினம் அதுதான். அதற்குக் கீழே இருக்கும் எந்தக் கல்லையும் புடவைத் தலைப்பால் துடைத்தாலே போதும், புழுதி அதைக் கீறும். சந்திரகாந்தக் கல், ஓபல், முத்து, பவழம் எல்லாம் இந்தக் கணக்கில் தோற்றவை. காதிலும் கழுத்திலும் தொங்க லாயக்கு. தினமும் ஸ்கூட்டர் பிரேக் பிடித்து, தோசைமாவு கரைத்து, பாத்திரம் தேய்க்கும் கைக்கு இல்லை. பாத்திரம் தேய்ப்பது நீங்கள்தான் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தால் ஓபல் வாங்கலாம்.

மரகதம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே கீற்று இல்லாத மரகதம் அபூர்வம். அந்தக் கீற்றுகளை மறைக்க எண்ணெய் ஊறவைப்பது உலகெங்கும் நடக்கிற வேலை. சுடுநீரும் சோப்பும் தொடர்ந்து பட்டால் எண்ணெய் வெளியேறி, கீற்றெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மலிவு மாணிக்கத்தின் கதை இன்னும் மோசம். வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய மாணிக்கங்கள் சந்தையில் ஏராளம். எலுமிச்சைச் சாறு பட்டால் அந்தக் கண்ணாடி அரித்துப்போகும். எலுமிச்சை சாதம் கிளறுகிற வீட்டுக்கு இது ஆகாது. நம் வீடுகளில் எது எலுமிச்சை சாதம் கிளறாத வீடு?

நிறத்தைக் கண்டுபிடிப்பது இருப்பதிலேயே சிரமமான வேலை. ஆச்சரியமாக, இதைப் பற்றி மட்டும் உங்களிடம் யாரும் பேசமாட்டார்கள். ஜோதிடர் கிரகத்தைச் சொல்வார், கடைக்காரர் காரட்டைச் சொல்வார். அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டால் "ஏன், திடீர்னு?" என்பார். அதற்குப் பதில் சொல்லித் தப்பித்த ஆண் இன்னும் பிறக்கவில்லை. பீரோவில் மடித்திருக்கும் புடவையையும் நம்பாதீர்கள்; அதில் பாதி அத்தை எடுத்துக்கொடுத்தது. சொந்தக் காசில், யாரும் கூட இல்லாமல் வாங்கிய பொருளைப் பாருங்கள். கைப்பை, தண்ணீர் பாட்டில், மழைக்கோட்டு. துணிக்கடையில் வாங்காமல் திருப்பி வைத்துவிட்டு, வெளியே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாரே, அந்தத் துப்பட்டா என்ன பச்சை? பாசிப்பச்சையா கிளிப்பச்சையா? ஞாபகம் இல்லையென்றால் திட்டத்தைச் சில மாதம் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

இனி கடை. தி. நகரோ சவுகார்பேட்டையோ, கடைக்குள் இருக்கும் வெளிச்சம் கல்லுக்கு அடித்த பவுடர். நீலம் பகல் வெளிச்சத்தில் கறுத்துப்போகிறதா என்று வாசலில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். கல்லோடு நீங்கள் வாசலை நோக்கி நடந்தால் காவலாளியும் கூடவே நடப்பார். இருக்கட்டும், அவரிடமும் ஒரு கருத்துக் கேளுங்கள். அந்தக் கடையில் விற்பனைக் கமிஷன் இல்லாத ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

விற்பனையாளர் பார்வையில் எல்லா நீலமும் சிலோனில் பிறந்தவை. 1990களின் கடைசியிலிருந்து மடகாஸ்கரிலும் நல்ல நீலக்கல் மூட்டைமூட்டையாகக் கிடைக்கிறது என்ற செய்தி அவரை எட்டாது. "நேச்சுரல் கல் சார், ஹீட் மட்டும் பண்ணிருக்கு" என்பார். இது மோசடி இல்லை. சந்தைக்கு வருகிற நீலங்களில் பெரும்பாலானவை நிறம் கூட்டச் சூடேற்றப்பட்டவைதான். ஆனால் அதை விலையில் காட்ட வேண்டும், பில்லிலும் எழுத வேண்டும். 1902இலேயே பிரான்சில் வெர்னூய் என்பவர் அடுப்பில் மாணிக்கம் காய்ச்சும் முறையை வெளியிட்டுவிட்டார் என்பதால், கண்ணால் பார்த்து நம்பும் காலம் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரிட்டிஷ் மணிமுடியின் நெற்றியில் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் என்று கொண்டாடப்படும் கல்லே மாணிக்கம் இல்லை, ஸ்பைனல். ராஜாக்கள் ஏமாந்த இடத்தில் நீங்கள் எம்மாத்திரம்.

எனவே ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். கல் சோதனை நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாண்டியன் சபையில் ஒரு சோதனை நடந்ததே. பரிசோதனை முறை: தரையில் அடித்து உடைத்தல். முடிவு: மாணிக்கம். பக்கவிளைவு: மதுரை. அதைவிடச் சான்றிதழ் மலிவு. அந்தக் கதையில் கோவலன் சிலம்பு விற்கப் போகும் காதைக்கு இரண்டு காதை முன்பு, மதுரை ரத்தினக் கடைத்தெருவை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கல் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பத்தரையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

விரல் அளவுக்கு அவருடைய பழைய மோதிரம் ஒன்றை ஒரு மணி நேரம் கடத்தினால் போதும். எந்த விரலின் மோதிரம் என்று பார்த்துக் கடத்தவும். வெயிலில் விரல் வீங்கும் என்பதால் சித்திரை மாதத்து அளவு மார்கழியில் கழன்று விழும்.

இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை மணலில் மோதிரப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஐஸ்கிரீமுக்குள் வைக்காதீர்கள், பல் மருத்துவர் தனிச் செலவு.

அவர் சம்மதித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பாசிப்பச்சையைப் பார்த்துக் கண் விரிந்தது, அந்தத் துப்பட்டா ஞாபகம் வந்தது, அழுதார், நீங்களும் அழுதீர்கள். மறுவாரம் அவர் அப்பா முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்புவார். நிறத்தை ரசிக்கிறார் என்று நினைத்து, குருந்தம், குரோமியம், கொடுமணல் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவர் தேடுவது உள்பக்கத்து ஹால்மார்க் முத்திரையை. 916 இல்லாமல் 750 என்று இருக்கும், ஏனென்றால் கல்லை இறுக்கிப் பிடிக்க 18 காரட் தங்கம்தான் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அதைப் பார்த்து அவர் முகம் சற்று வாடும். அப்புறம் மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"கல்லைக் கழிச்சு எத்தனை கிராம் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். கிராமை உடனே சொல்லுங்கள்.