கோப்பைக்கு மட்டும் தரம்

1991இல் மலேசியா ஒரு விண்ணப்பம் போட்டது. போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிரதமர் மகாதீரே எழுதி, அவரே தேதியும் குறித்தார்: 'வாவாசான் 2020', அதாவது 2020க்குள் முன்னேறிய நாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில் நிற்கிற நாடுகளுக்காவது பிரஸ்ஸல்ஸில் அத்தியாயம் பிரித்துப் பரீட்சை உண்டு. 27 சுற்றுச்சூழல், 28 பயனீட்டாளர் பாதுகாப்பும் பொதுச் சுகாதாரமும். துருக்கிக்கு 28ஐ 2007இல் திறந்தார்கள், 27ஐ 2009இல் திறந்தார்கள், இரண்டையும் இன்றுவரை மூடியபாடில்லை. 'ஓரளவு முன்னேற்றம்' என்று அறிக்கை மட்டும் தவறாமல் வரும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுதுவதும் நாம், திருத்துவதும் நாம், கைதட்டுவதும் நாம்.

அதனால் கேமரன் மலையைப் பற்றி நானும் ஓர் அறிக்கை எழுதிவைக்கிறேன். அத்தியாயம்: என் அத்தையின் நகம்.

அத்தை ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்தவள். தோட்டத்தின் பெயர் எதற்கு? எண்பதுகள். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, கைலிக்கு மேல் முழுக்கைச் சட்டை, முகத்தில் ஒரு துண்டு, முதுகில் தொட்டி, சரிவில் ஏறுவாள். மருந்து என்றால் களைக்கொல்லி, பாராகுவாட். கொல்லுகிற சரக்குக்கும் மருந்து என்றே பேர் வைத்த ஜனம் நாம். டப்பாவில் எச்சரிக்கை நான்கு மொழியில் இருந்ததாம், தமிழும் உண்டாம். தமிழுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். ஆனால் டப்பா ஸ்டோருக்குள்ளேயே இருந்தது. அத்தை கைக்கு வந்தது கலக்கி வைத்த வாளி. வாளிக்கு எந்த மொழியும் தெரியாது.

தொட்டி ஒழுகும். முதுகு நனையும். மூக்கில் ரத்தம் வரும் நாளும் உண்டு. முதலில் கட்டைவிரல் நகம் வெளுத்தது, பிறகு குறுக்கே கோடு விழுந்தது, பிறகு ஒருநாள் துணி துவைக்கும்போது கழன்று நுரையோடு போனது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் காட்டினாள். "ஒண்ணுமில்லம்மா, சவுக்காரம் போட்டு நல்லா கழுவு" என்றார். கழுவினாள். அடுத்த நகமும் போனது.

அந்தச் சரக்கைச் செய்தவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாதே என்று நீலப்பச்சைச் சாயம் சேர்த்தார்கள், நாற்றம் சேர்த்தார்கள், குடித்தால் வாந்தி வரவும் ஒன்று சேர்த்தார்கள். நுரையீரலை அரிக்கிற விஷம், முறிமருந்து கிடையாது. ஆகவே குடிப்பவர்மேல் இத்தனை கரிசனம். சுமப்பவருக்கு? சவுக்காரம்.

இனி முன்னேற்றம். 2002இல் தெனகனித்தா என்ற தொண்டு அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் கதையை ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. அப்போது ஐரோப்பிய ஒன்றியமே அதைத் தடை செய்திருக்கவில்லை. மாறாக, 2003 டிசம்பரில் அனுமதியே கொடுத்தது. ஐரோப்பாவை முந்திவிட்டோம்! முந்தியது நமக்கே கூச்சமாகிவிட்டது போலும். 2006இல் தடைக்குத் தடை போட்டோம். மறுவருஷம் ஜூலையில், சுவீடன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அவர்கள் ஏறிய படியில் நாம் இறங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் முழுத் தடை வந்த நாள் 2020 ஜனவரி 1. ஆம், வாவாசான் வருஷத்தின் முதல் நாள். 2020 வந்தும் பறக்கும் கார் வரவில்லை என்று கேலி செய்தவர்களே, இதைக் கவனித்தீர்களா? 2002இல் லயத்தில் பிறந்த பிள்ளை மருந்துத் தொட்டி தூக்கும் வயதுக்கு வந்த வருஷம் அது.

பரீட்சை வைக்கிற ஐரோப்பாவின் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்த காலத்திலேயே, தடைக்குப் பிறகும், தன் வயலில் தெளிக்கக் கூடாத அதே சரக்கை ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலையில் செய்து வெளிநாடுகளுக்குக் கப்பலேற்றியது. பதிலுக்கு நாம் அனுப்பும் தேயிலையைச் சோதித்து வாங்குவார்கள். தனி வரம்பு வகுக்காத பூச்சிமருந்து என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம், அப்புறம் ஒன்று. இலையில் ஒட்டியதை இவ்வளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்த உலகம் இது. அத்தையின் முதுகில் ஒழுகியதற்கு எத்தனை பூஜ்யம் போடுவார்கள் என்று கேட்டால், அது வேறு அத்தியாயம் என்பார்கள். அந்த அத்தியாயத்துக்கு எண் இல்லை.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். சரிவை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி மாடம். ஸ்டிராபெரி ஜாம் தடவிய பணியாரத்தோடு பயனீட்டாளர்கள் வரிசையாக உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே தேயிலைப் பாத்திகளுக்கிடையில் முதுகில் தொட்டியோடு ஒருவர். தமிழரில்லை, வங்காளதேசத்துக்காரர் போலிருந்தது. அத்தைபோலவே அவர் முகத்திலும் ஒரு துண்டு. படத்தில் அவரும் விழுந்திருப்பார், பச்சைக்குப் பொருத்தமாக.

அத்தையும் தேத்தண்ணி குடிப்பாள். பத்து மணிக்கு, பாத்தி ஓரத்தில், டின் குவளையில், தோட்டத்தில் கொடுக்கிற தூளில் போட்டது. நகம் போன விரலுக்குச் சூடு தாங்காது. முகத்திலிருந்த துண்டை அவிழ்த்து, அதே துண்டால் குவளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.