செலவில்லாமல் வீட்டை அழகாக்க!

ஒளி ஊடுருவும் மெல்லிய திரைச்சீலைதான் இப்போது ஃபேஷனாமே? கடையில் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது!
(வாசகி, ராஜபாளையம்)

தலைக்குக் கட்டுப்போடும் துணியை நெய்கிற ஊர் பக்கத்திலேயே இருக்க, ஏன் சுற்றவேண்டும்? சத்திரப்பட்டித் தறிகளில் ஓடும் பேண்டேஜ் துணியும் இடைவெளிவிட்டு நெய்த பருத்திதான். காற்றை விடும், வெயிலின் சூட்டைத் தணிக்கும். நனைத்து உலர்த்திய பிறகு தையுங்கள், பருத்தி சுருங்கும். இரண்டு மடிப்பாகத் தைத்தால் நீண்ட நாள் உழைக்கும். சாயம் ஏற்றினால் அழகே தனி.

அலங்காரத்தை அடிக்கடி மாற்ற ஆசை. வீட்டுக்காரர் ‘வீண்செலவு’ என்கிறார். யார் பக்கம் நீங்கள்?
(வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்)

ஆண்டாள் பக்கம்! உங்கள் ஊர்க் கோயிலில் அவள் கையிலிருக்கும் கிளி தினமும் புதிது. உடம்பு இலை, மூக்கு மாதுளம்பூ. நீங்களும் ஒரு பித்தளைச் சொம்பில் கொல்லைப்புறத்துக் குரோட்டன்ஸ் கிளையை வையுங்கள், வாடியதும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டாம், தூசிதான் பூக்கும்.

கூடத்துச் சுவரில் மாட்ட இயற்கைக்காட்சி ஓவியம் ஒன்று சொல்லுங்களேன்?
(வாசகர், ராஜபாளையம்)

மேற்கு ஜன்னலை மறைத்து பீரோ நிற்கிறதா? முதலில் அதை நகர்த்துங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையையே மறைத்துவிட்டு ஓவியம் தேடலாமா?