வியர்க்கும் பனிப்பாறை

உருக்கி அச்சில் ஊற்றும் தெளிந்த கிளிசரின் கட்டி குளியல் சோப்புக்கு உறவுக்காரன்தான். சோப்புக்குள் விளையும் படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அது வெளுத்துத் தெரிகிறது. கிளிசரினும் சர்க்கரையும் ஆல்கஹாலும் அந்தப் படிகங்களைத் தலையெடுக்க விடுவதில்லை. 1807இல் லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் இப்படியொரு சோப்பை விற்கத் தொடங்கியது முகம் கழுவுவதற்கு. அதைக் கடலாகவும் பனிப்பாறையாகவும் வார்த்து மேசைமேல் வைப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மாதிரி உருவங்கள் செய்பவர்களை இதன் பக்கம் இழுப்பது சிக்கனம். எபாக்சி ரெசினை ஊற்றினால் ஊற்றியதுதான். நிரம்பாத மூலை காலத்துக்கும் கெட்டியாக நின்று பல்லிளிக்கும். சோப்பை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். ஆகவே புது சிலிகான் அச்சில் காற்று எங்கே தங்குகிறது என்று பார்க்க முதலில் சோப்பை ஊற்றுவது விவேகம். தேறாத வார்ப்புகள் குளியலறைக்குப் போகும். வீட்டார் கொஞ்ச நாள் மூக்கில்லாத போர்வீரர்களைத் தேய்த்துக் குளிப்பார்கள், அவ்வளவுதான்.

கட்டியைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் இறக்கிய பாத்திரத்தில் 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் நீர் வற்றி மஞ்சளிக்கும். பனிப்பாறை செய்ய உட்கார்ந்தவர் வெல்லப்பாகோடு எழுந்திருப்பார். வேகமாகக் கலக்கினால் நுரைக்கும். சோப்பிடம் போய் நுரைக்காதே என்றால் எப்படிக் கேட்கும்? மெல்லக் கிளறி, அச்சின் ஓரமாக ஒழுகவிட வேண்டும். மேலே மிதக்கும் குமிழிகள்மேல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால் பட்பட்டென்று உடையும். அடுப்பை அணைத்த பிறகுதான் தெளிக்க வேண்டும், ஏனென்றால் ஆல்கஹால் தீப்பற்றும். ஓர் அடுக்கு இறுகியதும் அதையே தெளித்துவிட்டு அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பொம்மை மீனை நடுவில் நீந்தவிடும் ரகசியமும் இதுவே: பாதி ஊற்றி, ஏடு படிந்ததும் மீனை வைத்து, மீதியை ஊற்றுவது.

அச்சிலிருந்து எடுத்த பிறகுதான் வியர்வைப் படலம். கிளிசரின் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் பனிப்பாறையின் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். எடுத்த கையோடு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றிவிட வேண்டும். காட்சிக்கு வைப்பதானால் மூடிய பெட்டிக்குள்தான்.

மேலே பெயிண்ட் பூசினால் நிற்காது. உருக்கும்போதே நிறம் சேர்க்க வேண்டும். அதிலும் கரையும் சாயம் ஓரிடத்தில் இருக்காது. நீல அடுக்கு நாளடைவில் பக்கத்துத் தெளிந்த அடுக்கில் குடியேறிவிடும். கரையாத நிறமித்தூள் போட்ட இடத்தில் கிடக்கும், ஆனால் தெளிவைக் கெடுக்கும். கடலுக்குச் சாயம், கரைக்கு நிறமி என்று பிரித்துக்கொள்வது உத்தமம்.