கிகாஹெர்ட்ஸ் மகாத்மியம்

கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு மூளை மட்டும் இருந்த காலத்தில், அதன் அருமையை மனிதர்கள் ஒரே ஒரு எண்ணால் அளந்தார்கள். முதலில் மெகாஹெர்ட்ஸ், கொஞ்சம் வசதி வந்ததும் கிகாஹெர்ட்ஸ். சிப் வினாடிக்கு எத்தனை கோடி தடவை துடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு துடிப்பிலும் உருப்படியாக ஏதாவது வேலை நடக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு.

களத்தில் இரண்டு கம்பெனிகள். 1968-இல் பிறந்த இன்டெல், 1969-இல் பிறந்த ஏஎம்டி. இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்ட் என்ற ஒரே கூரையிலிருந்து வெளியேறியவர்கள். பங்காளிச் சண்டைக்கு வேறென்ன தகுதி வேண்டும்? 2000 மார்ச் 6 அன்று, தன் அத்லான் சிப் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டதாக ஏஎம்டி தண்டோரா போட்டது. தன் பெண்டியம் 3-உம் தொட்டுவிட்டதென்று இன்டெல் அறிவித்தது மார்ச் 8-இல். இரண்டே நாள்தான். ஆனால் மானம் போவதற்கு இரண்டு நாள் தாராளம்.

அந்த எரிச்சலில் இன்டெல் ஜூலைக் கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3-ஐ அவசரமாக இறக்கியது. விமர்சகர்கள் அதில் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்து பார்த்தார்கள். சிப் பாதியிலேயே கையை விரித்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி யாரும் நம்மை முந்தக் கூடாதென்று சபதமெடுத்துப் பெற்ற பிள்ளைதான் பெண்டியம் 4. பிறந்த நாள் 2000 நவம்பர் 20. வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ். விலை, ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்வோருக்கே, 819 டாலர். கூடவே ராம்பஸ் என்ற மெமரிதான் வேண்டும் என்று அடம். அதன் விலையைக் கேட்டால் வாங்க வந்தவனுக்கு வியர்க்கும். முகமெல்லாம் நீலம் பூசிய மூன்று பேர் வாயைத் திறக்காமலே டிவியில் இதை விற்றார்கள். வாயைத் திறக்காதது நல்லதாயிற்று. ஏனென்றால் சில சோதனைகளில் அதே வீட்டுப் பழைய 1 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3 இந்தப் புதுப் பிள்ளையைத் தோற்கடித்தது.

காரணம் புரிய ஒரு கல்யாணப் பந்திக்குப் போவோம். சமையற்கட்டிலிருந்து இலைவரை வாளியைக் கைமாற்ற அத்லானில் 10 பேர். பெண்டியம் 4-இல் 20 பேர். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் செய்யவேண்டியது குறைவு, அதனால் கை வேகமாக அசையும். அந்தக் கையசைவை எண்ணித்தான் கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்தார்கள். ஆனால் இலையில் இருப்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று காத்திருக்க நேரமில்லை. ரசம்தான் என்று ஊகித்து வாளிகளை வரிசையில் அனுப்பிவிட வேண்டும். அவர் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்றால் போச்சு! வந்துகொண்டிருந்த ரசத்தையெல்லாம் கொட்டிவிட்டு அடுப்படியிலிருந்து மறுபடி ஆரம்பம். 10 பேர் வரிசையில் அந்த நஷ்டம் தாங்கும். 20 பேர் வரிசையில் கல்யாண வீட்டுக்காரர் அழுதுவிடுவார். எல்லோரும் சாம்பாரே கேட்கும் பந்தியில், அதாவது வீடியோவை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்ற ஒரே சீரான வேலைகளில், பெண்டியம் 4 நன்றாகவே பரிமாறியது.

2001 அக்டோபரில் ஏஎம்டி அத்லான் எக்ஸ்பியைக் கொண்டுவந்தது. நிஜ வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ், பெட்டியில் போட்ட எண் 1800+. இந்த எண் பெண்டியத்தோடு ஒப்பிட்டதல்ல, எங்கள் பழைய அத்லானோடு ஒப்பிட்டது என்று ஏஎம்டி சாதித்தது. ஊரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பெண்டியத்தோடுதான் ஒப்பிட்டது. விலை 252 டாலர். ஆகஸ்டில் வந்த 2 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-இன் அறிமுக விலை 562. பெரும்பாலான சோதனைகளில் 252 டாலர்க்காரர் 562 டாலர்க்காரருக்குச் சமமாக நின்றார், அல்லது முந்தினார்.

அப்படியானால் அத்லான் உத்தமரா? அதுவும் இல்லை. ஏஎம்டி சிப்புகளின் குணத்தை 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் வீடியோ எடுத்துக் காட்டியது. சிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டைத் தணிக்கத் தலைமேலிருந்த ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பெண்டியம் 4 வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, விளையாட்டை நொண்டி நொண்டித் தொடர்ந்தது. 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் கண் சிமிட்டும் நேரத்தில் புகையாகி முக்தியடைந்தது. ஓடும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்கைக் கழற்றுகிறவர் எவரும் இல்லைதான். ஆனாலும் மாப்பிள்ளை பார்க்கும்போது இதையெல்லாம் விசாரிக்கத்தானே செய்வார்கள்?

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வந்த அப்பாக்களுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தேவைப்படவில்லை. "தம்பி, பெண்டியம் ஃபோர்தானே? எத்தனை கிகா?" அவ்வளவுதான் பரீட்சை. 1800+ என்பதில் அந்தக் கூட்டல் குறி எதற்கு என்று விளக்குவதற்குள் கடைக்காரருக்கு அடுத்த இரண்டு வியாபாரம் போய்விடும்.

நியாயமும் சொல்ல வேண்டும். 2002 ஜனவரியில் வந்த நார்த்வுட் பெண்டியம் 4 உண்மையிலேயே நல்ல பிள்ளை. 2003-இல் அது 3.2 கிகாஹெர்ட்ஸை எட்டியபோது, 3200+ என்று மார்தட்டிய அத்லான் எக்ஸ்பிக்கு மூச்சு வாங்கியது. பெட்டியில் போட்ட எண் அளவுக்கு உள்ளே சரக்கில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் அத்லான் 64 வந்துதான் ஏஎம்டியின் மானத்தைக் காப்பாற்றியது.

இன்டெல் அதற்குச் சொன்ன பதில், 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட். பந்தியில் இப்போது 31 பேர்! ஒரே கிகாஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தால் பல வேலைகளில் நார்த்வுட்டைவிட மந்தம். சூட்டில் மட்டும் மிச்சமில்லை. 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியபோது 115 வாட் வெப்பம். இந்தக் குடும்பம் 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று ஜாதகம் கணித்திருந்த கம்பெனி, 4-ஐத் தொடுமுன்பே கைவிட்டது. 2004 அக்டோபரில், ஆர்லாண்டோவில் கார்ட்னர் மாநாட்டு மேடையில், தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் அதற்காக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத்தான், ஆனால் முட்டி நிஜம்.

அதே வருஷம் இன்டெல் தன் சிப்புகளுக்குக் கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 550, 560 என்று மாடல் எண் சூட்ட ஆரம்பித்தது. ஏஎம்டி செய்தபோது கண்கட்டு வித்தை, தான் செய்தால் வாடிக்கையாளர் சேவை. வேறு வழியும் இல்லை. லேப்டாப்புக்காக அதன் இஸ்ரேல் கிளையினர் பழைய பெண்டியம் 3-ஐப் பட்டி பார்த்து உருவாக்கிய பெண்டியம் எம், குறைந்த கிகாஹெர்ட்ஸிலேயே சொந்த அண்ணனின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

கணக்கை முடிப்போம். ஆரம்பக் காலப் பெண்டியம் 4-ஐ நல்லதாகக் காட்டச் சோதனை மதிப்பெண்களில் கை வைத்தார்கள் என்று அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. தப்பே செய்யவில்லை என்ற இன்டெல், 2014-இல் சமரசத்துக்கு வந்தது. 2000 நவம்பர் 20 முதல் 2001 கடைசிவரை பெண்டியம் 4 கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். இல்லினாய் மாநிலத்தவருக்கு அதுவும் கிடையாது. பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவர் அன்று கூடுதலாகக் கொடுத்தது, விலைப்பட்டியல்படி, 562-இல் 252 போக 310 டாலர். 15 போக மிச்சம் 295. அந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு இன்னொரு அத்லான் எக்ஸ்பி வாங்கி, ஆசை தீர ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்.