சமையலறைக்கு வந்த கரண்ட்

பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூர் மில்களுக்குப் போன கரண்ட் எங்கள் ஊர் வீடுகளுக்கு வர மேலும் பல வருஷம் பிடித்தது. அப்பாரு, அதாவது எங்கள் தாத்தா, கனெக்‌ஷன் வாங்கியபோது ஊரே வந்து பார்த்ததாம். சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, ரப்பர் உறை போட்ட வயரை அதன்மேல் தகரக் கிளிப்பால் பிடித்து, வட்டக் கட்டைமேல் கறுப்பு பேக்கலைட் சுவிட்சைப் பொருத்தியிருந்தார்கள். மூலை திரும்பும் இடத்தில்கூட வயர் துளி நெளியவில்லை. அந்த வயர்மேன் யாரென்று தெரியாது. அவர் வேலைமேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் அந்த வயர் எங்கெங்கே போயிற்று என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கூடமான ஆசாரத்துக்கு ஃபேன், ரேடியோவுக்கு ஒரு பிளக், அப்பாரு கணக்கெழுதும் மேசைக்குத் தனி விளக்கு. சமையலறைக்கு வாசற்படிக்கு மேலே ஒரு 40 வாட் பல்பு. அதற்கும் சுவிட்ச் வெளியேதான். நாளின் பாதியை அங்கேயே கழித்த அப்பத்தாவுக்கும், பிறகு வந்த அம்மாவுக்கும், கரண்ட் அந்தப் படியோடு நின்றுவிட்டது. முறத்தில் புடைத்த அரிசியில் கல் கிடக்கிறதா என்று பார்க்க அம்மா முற்றத்துக்கு வருவார்.

பின்னால் மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது. எல்லாம் ஆசாரத்து பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடின. லோடு தாங்காமல் ஃபியூஸ் போகும். அப்பா பீங்கான் கட்டையைப் பிடுங்கி, ஓர் இழைக்குப் பதில் மூன்று இழைச் செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகாது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டு ஆண்களும் செய்ததுதான். ஃபியூஸ் என்பது வயருக்கு முன்னால் தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றுவது. அதைத் தடியாக்கினால் சுவரிலிருக்கும் வயர் எரியும். கீழே இருப்பதோ காய்ந்த தேக்கு.

சிலிண்டரை நகர்த்த அம்மாவுக்கு முடியாமல் போனபோது இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். 2000 வாட். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஆசாரத்து பிளக் 5 ஆம்பியருக்கானது. வயரில் ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். வீட்டில் அடுப்பு வாங்கும் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் வட்டக் கட்டையைக் கழற்றினார். உள்ளே வயரை டெஸ்டர் முனையால் லேசாகத் தட்டியதும் ரப்பர் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. வெறும் செம்பு தெரிந்தது. அதை ஒட்டிய மரம் விரல்கடை அளவுக்குக் கருகியிருந்தது.

“ஏனுங்கம்மா, இதுலயா இத்தன வருசம் மாவு ஆட்டுனீங்க? எர்த்தே இல்லீங்களே!” என்றார்.

மண்சுவரைக் கொத்தினால் பெயர்ந்துவிடும் என்பதால் மேலேயே பிவிசி கேசிங் போட்டோம். மெயின் போர்டிலிருந்து அடுப்புக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் பிளக், அதற்கு ஃபியூஸுக்குப் பதில் ஒரு எம்சிபி. கிணற்றடியில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் எடுத்தார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் வைத்தோம். அடுப்பு விலையைப் போலப் பல மடங்கு செலவு. சொந்தக்காரர் ஒருவர், பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டால் போதுமே, குழி எதற்கு என்றார். பலர் செய்கிறார்கள். என்றைக்காவது அந்த நியூட்ரல் அறுந்தால், கிரைண்டரின் இரும்பு உடம்பு முழுக்க கரண்ட் நிற்கும். ஈரத் தரையில், ஈரக் கையோடு அதைத் தொடப்போவது யார்? இந்த ஒன்றில் மட்டும் பேரம் பேசவே கூடாது.

செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் இண்டக்‌ஷனில் சூடேறாது. அம்மா காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டிய பாத்திரங்களைத் தனியாக அடுக்கிக்கொண்டார். ரசத்துக்கு மட்டும் கேஸ் இருக்கட்டும் என்றார்.

கேசிங்கை மூடும் முன் எலக்ட்ரீஷியன், வேறு பாயிண்ட் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டார்.

“மேடைக்கு நேர் மேல நல்ல வெளிச்சமா ஒரு லைட்டு போடுங்க தம்பி, அரிசி பாக்கோணும். மிக்சிக்கு ஒண்ணு, கிரைண்டருக்கு ஒண்ணு. அந்தப் பக்கம் ஃபேனுக்கும் ஒரு பாயிண்ட்டு. சுவிட்ச் எல்லாம் உள்ளதான் இருக்கோணும்.”

எலக்ட்ரீஷியன் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அடுத்து, அம்மா படுக்கும் அறையின் ரீப்பரைக் கழற்ற வேண்டும். தீபாவளிக்குள் முடித்துத் தரச் சொல்லியிருக்கிறோம்.